இரத்தத்தின் சாட்சி

மலைப்பாதை ஏறிக் குமுளிக்குச் சென்றவர்கள், ஓர் ஊரிலேயே இரு மாநிலங்கள் சந்திப்பதைக் கண்டிருப்பார்கள். அவ்வெல்லைக்குக் கிழக்கே 1948 முதல் 1971 வரை மதுவிலக்கு அமலில் இருந்தது. மேற்கே கேரளத்தில் சாராயம் 1996 ஏப்ரல் 1 முதல் விலக்கப்பட்டது. சட்டங்கள் எவ்வாறு மாறினும், ஒருவன் குடித்தான் என்பதற்கு வாயின் வாடையும் தள்ளாடும் நடையுமே நெடுங்காலம் சாட்சிகளாயிருந்தன. இவை மட்டும் போதா என்று 1971இல் உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்தது.

சில துளி இரத்தத்திலுள்ள மதுவை அளக்கும் முறையைச் சுவீடன் நாட்டு வித்மார்க் 1922இலேயே வகுத்திருந்தார். ஆயினும் அது அன்றைய குடியைத்தான் காட்டும். பல்லாண்டு குடித்தவன் இரண்டு நாள் நிறுத்தினால் இரத்தம் தெளிந்துவிடும். அறுவைச் சிகிச்சை செய்யும் மருத்துவருக்கோ அந்தப் பழைய கணக்குத்தான் வேண்டும். திடீரென மது நின்றால் அத்தகைய நோயாளிக்குச் சித்தபிரமையும் வலிப்பும் நேரக்கூடும்.

காமா ஜிடி என்னும் கல்லீரல் நொதி பெருங்குடியரிடம் மிகுவதை 1972இலும், அவர்களுடைய சிவப்பணுக்கள் பருத்திருப்பதை 1974இலும் ஆராய்ச்சியாளர் வெளியிட்டனர். இங்கேதான் அபாயம். காக்காய் வலிப்புக்கு ஃபெனிட்டாயின் உண்பவருக்கும் அந்நொதி உயரும். பி12 உயிர்ச்சத்துக் குறைந்தாலும் அணுக்கள் பருக்கும். மதுவையே தொடாத ஏலத்தோட்டத் தொழிலாளி ஒருவருக்கு இவ்விரண்டும் அமைந்துவிட்டால், குடிகாரர் என்ற பெயரை அவர் எப்படித் துடைப்பார்?

எழுபதுகளில் சுவீடனில் ஸ்டிப்லர் அம்மையாரும் அவருடைய குழுவினரும் வேறொரு தடயம் கண்டனர். இரத்தத்தில் இரும்பைச் சுமந்து செல்லும் புரதம் டிரான்ஸ்ஃபெரின். (மொழிபெயர்ப்பே தொழிலான எனக்கும் இதற்கு நல்ல தமிழ்ச் சொல் அகப்படவில்லை.) நாள்தோறும் அறுபது கிராம் அளவில் மதுவை இரண்டு வாரம் அருந்தினால், இப்புரதத்தில் கிளைத்துள்ள சர்க்கரைச் சங்கிலிகள் குறைந்துபோகின்றன. குடியை விட்டால், அக்குறையுள்ள புரதம் ஏறக்குறைய இரு வாரத்தில் பாதியாகிறது. முந்திய சோதனைகளைவிட இது நம்பத்தக்கது. எனினும் கடுங்கல்லீரல் நோயும் சில பிறவிக் குறைபாடுகளும் இதனையும் ஏமாற்றும்.

வித்மார்க் பணியாற்றிய அதே லுண்ட் நகரில், 1983இல், மது ஊட்டிய எலிகளின் உறுப்புகளில் பாஸ்ஃபடிடைல் எத்தனால் என்னும் கொழுப்புப் பொருள் கண்டறியப்பட்டது. மதுவருந்துவோரின் சிவப்பணுச் சவ்வில் உண்டாகி வாரக்கணக்கில் தங்கும் இப்பொருள், மது இன்றித் தோன்றுவதில்லை. கல்லீரல் நோயோ மாத்திரையோ இதனைப் பிறப்பிக்காது. நாம் மேலே கண்ட ஏலத்தோட்டத் தொழிலாளியின் இரத்தத்தை இம்முறையில் சோதித்தால், அவர்மீது விழுந்த பழி நீங்கிவிடும்.