ஏர் எடுக்கத் தெரிந்த கிளீனர்

நாமக்கல், சங்ககிரி பக்கத்துக்காரர்களுக்கு லாரியைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஆனாலும் ஒரு விஷயத்தை எழுதி வைத்துவிட வேண்டும் என்று நினைக்கிறேன். ஒரு காலத்தில், நடுரோட்டில் டீசல் கோளாறில் நின்றுபோன லாரியை டிரைவரும் கிளீனருமே இரண்டு ஸ்பேனரை வைத்துக்கொண்டு கிளப்பிவிடுவார்கள். பட்டறையில் முப்பது வருஷம் டீசலில் கை நனைத்தவன் என்பதால், அது எப்படி முடிந்தது, இப்போது ஏன் முடிவதில்லை என்று சொல்கிறேன்.

ருடால்ஃப் டீசல் 1897-ல் ஜெர்மனியில் ஆக்ஸ்பர்க் நகரில் தன் இன்ஜினை ஓட்டிக் காட்டினார். அதில் எண்ணெயை உள்ளே ஊதுவதற்கே தனியாக ஒரு கம்ப்ரசர் வேண்டும். ஆலைக்கும் கப்பலுக்கும் அது சரி. லாரிக்குப் பெரும் பாரம். 1927-ல் பாஷ் கம்பெனி டீசல் பம்பைத் தயாரித்து விற்க ஆரம்பித்த பிறகு அந்தப் பாரம் நீங்கியது. நம் நாட்டில் 1951-ல் மைக்கோ வந்தது. 1954-ல் டாடா, பென்ஸ் கூட்டில் லாரி செய்யத் தொடங்கியது. 1955-ல் எண்ணூரில் அசோக் லேலண்ட் என்ற பெயர் வந்தது. அந்த லாரிகளில் டேங்க் முதல் நாசில் வரை எல்லாம் இரும்பும் ஸ்பிரிங்கும் போல்ட்டும்தான். கண்ணால் பார்த்து, காதால் கேட்டே கோளாறைப் பிடிக்கலாம்.

அடிக்கடி வருவது ஏர் பிடிப்பது. ஃபீட் பம்ப் டேங்கிலிருந்து டீசலை உறிஞ்சும். அந்தப் பக்கத்துக் குழாயில் மயிரிழை விரிசல் இருந்தாலும், வாஷர் தேய்ந்திருந்தாலும், டீசல் வெளியே சொட்டாது. காற்றுதான் உள்ளே போகும். காற்று அமுங்கிக் கொடுக்கும், டீசல் கொடுக்காது. அதனால் காற்று புகுந்தால் பம்பில் அழுத்தம் ஏறாது, நாசில் திறக்காது. எவ்வளவு செல்ஃப் அடித்தாலும் பேட்டரி இறங்குவதுதான் மிச்சம்.

கிளீனர் முதலில் ஃபில்டர் மேலுள்ள ஸ்க்ரூவைத் தளர்த்துவான். ஃபீட் பம்பின் கைப்பிடியைக் குத்தக் குத்த, நுரையாக வரும் டீசல் குமிழியில்லாமல் வரும்போது இறுக்குவான். அடுத்து பம்பில் அதே வேலை. கடைசியில் நாசில் குழாய்களின் நட்டை லேசாகத் தளர்த்தி, டிரைவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்வான். வண்டி கிளம்பி ஒரு மாதிரி உதறினால், ஒவ்வொரு நட்டாகத் தளர்த்திப் பார்ப்போம். எந்த நட்டைத் தளர்த்தியும் சத்தம் மாறவில்லையோ, அந்தச் சிலிண்டர்தான் வேலை செய்யவில்லை.

சீல் வைத்த பம்பை மட்டும் விவரம் தெரிந்தவர் ரோட்டில் பிரிக்கமாட்டார். அது பம்ப் கடைக்காரர் மெஷினில் ஏற்றி அளவு வைக்கும் வேலை.

இது வெறும் ரிப்பேர் அல்ல. முட்டை லோடும் தக்காளி லோடும் காத்திருக்காது. ஏர் எடுக்கத் தெரிந்த கிளீனரை டிரைவர் விடமாட்டார். அவனே பிறகு ஸ்டியரிங் பிடித்தான். சிலர் சொந்த லாரியும் வாங்கினார்கள். பள்ளிக்கூடம் போகாதவனுக்கு அதுதான் படிப்பு.

பிறகு புகை விதிகள் இறுகின. 2017-ல் நாடு முழுக்க பி.எஸ்.4, 2020 ஏப்ரலில் பி.எஸ்.6. காமன் ரெயில் வந்தது. பழைய நாசில் ஏறக்குறைய 200 பாரில் திறக்கும். இதில் 1600 பாருக்கு மேலும் போகும். இன்ஜின் ஓடும்போது நட்டைத் தளர்த்தினால் பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். கையையே இழக்க நேரலாம். அன்று வண்டியைக் காப்பாற்றிய வேலை இன்று ஆளையே முடக்கும்.

கரும்புகை குறைந்தது நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் இன்று வண்டி நின்றால் போன் செய்துவிட்டு, லேப்டாப்போடு ஆள் வரும்வரை நிழலில் உட்கார வேண்டியதுதான். அந்த நேரத்தில் கிளீனர் பையன் கற்றுக்கொள்ள ஏதுமில்லை. பல வண்டிகளில் கிளீனரே இல்லை.

இன்னும் பழைய வண்டி வைத்திருப்பவர்கள் பக்கத்து வீட்டுப் பையனைக் கூப்பிட்டு, ஒருமுறை ஏர் எடுக்கச் சொல்லிக்கொடுங்கள்.