ஒரே டீசல், இரண்டு கொதிநிலை

காந்திபுரத்தில் பஸ்ஸுக்கு நிற்கும்போது மூக்கில் ஏறுகிற டீசல் கோவைக்கு வரும் வழிகளில் ஒன்று, கொச்சி சுத்திகரிப்பு ஆலையிலிருந்து இருகூர் வரைக்கும் வரும் குழாய். அந்த டீசலில் 95 சதவீதம் 360 டிகிரிக்குள் வடிந்துவிட வேண்டும் என்பது பிஎஸ்-6 விதி. இந்த 360 எந்தப் பாத்திரத்தில் அளந்த 360? அங்கேதான் கதையே இருக்கு.

விதி சொல்வது சாதாரண குடுவையை. 19-ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியில் எங்லர் பயன்படுத்திய குடுவையின் வாரிசு அது. அமெரிக்காவில் 1920-களில் டி86 என்ற தரமுறையானது. நம்ம ஊரில் ஐஎஸ் 1448-இன் 18-ஆம் பகுதி. 100 மில்லி எண்ணெய், நிமிடத்துக்கு 4 முதல் 5 மில்லி வடியணும், வெப்பமானியைப் பார்த்து எழுதணும். ஒரு மணி நேரத்துக்குள் வேலை முடிந்தது.

ஆனால் குடுவை சரியாகப் பிரிக்காது. லேசான ஆவியோடு கனமானதும் சேர்ந்து கிளம்பிவிடும். அதனால் ஆரம்பச் சூடு கூடுதலாகவும் கடைசிச் சூடு குறைவாகவும் தெரியும். வாலை வடித்த பெரியவர்களுக்கு இதைச் சொல்லியே தரவேண்டாம். எண்ணெயை ஒழுங்காகப் பிரித்துப் பார்க்க, வடிந்ததில் பெரும்பகுதியைத் திரும்பக் கீழே விடுகிற உயரமான கோபுரம் வேண்டும். அதில் கிடைப்பதுதான் உண்மைக் கொதிநிலை வளைகோடு. செலவும் நேரமும் அதிகம்.

ஆலையை வடிவமைப்பவருக்கு வேண்டியது கோபுரக் கணக்கு. கையில் இருப்பதோ குடுவைக் கணக்கு. 1959-இல் எட்மிஸ்டரும் ஒகமோட்டோவும் ஒன்றிலிருந்து மற்றதற்கு மாற்ற வரைபடங்கள் போட்டார்கள். அளவுகோலை வைத்துப் படிக்கணும். 1986-இல் ரியாசியும் டாபர்ட்டும் அதைச் சின்னச் சமன்பாடாக்கினார்கள்: குடுவை வெப்பநிலையை கெல்வினில் எடுத்து, ஒரு அடுக்குக்கு உயர்த்தி, ஒரு மாறிலியால் பெருக்கு. ஒவ்வொரு சதவீதத்துக்கும் தனி மாறிலிகள். இது கோட்பாடு இல்லைங்க, சோதனைப் புள்ளிகளுக்குப் பொருத்திய கோடு.

நானே போட்டுப் பார்த்தேன். 10 சதவீதம் வடிந்தபோது குடுவை 220 டிகிரி காட்டினால், உண்மைக் கொதிநிலை சுமார் 206. பாதியில் 280 என்றால் 284. நடுவில் பெரிய சண்டை இல்லை. 95 சதவீதத்தில் 360 என்றால் சுமார் 378!

அந்த 18 டிகிரி வெறும் எண் இல்லை. விதியில் உள்ள 360-ஐ உண்மைக் கொதிநிலை என்று நினைத்து ஒருவர் கோபுரத்தை ஓட்டினால், டீசலாக விற்கக்கூடிய எண்ணெய் அடியில் கனமான பகுதியோடு போய்விடும். தினமும், ஆயிரக்கணக்கான டன் ஓடுகிற ஆலையில்.

1970-களில் வாயு நிறப்பகுப்பு முறை தரமுறையாக வந்தது. சில சொட்டு மாதிரி போதும், உண்மைக் கொதிநிலைக்குப் பக்கத்தில் வரும் வளைகோட்டைக் கருவியே வரைந்து தரும். குடுவை ஒழிந்தது என்று நினைப்போம். இல்லை. வாங்குபவரும் விற்பவரும் குடுவைக் கணக்கில்தான் ஒப்பந்தம் போட்டிருக்கிறார்கள். அதனால் நல்ல கருவியின் முடிவையும் பழைய குடுவையின் எண்ணாக மாற்றிக் காட்டுகிற சமன்பாடுகளை எழுத வேண்டியதாயிற்று. முன்பு குடுவையிலிருந்து கோபுரத்துக்குப் போன கணக்கு, இப்போது எதிர்த் திசையிலும் ஓடுகிறது.