கறுப்பை எப்படிக் காட்டுவது? இரண்டு திரைகளின் வரலாறு

பெரிய தொலைக்காட்சி வாங்கக் கடைக்குப் போனால் இரண்டு பெயர்கள் உங்களைக் குழப்பும். ஒரு பெட்டியில் கியூஎல்ஈடி என்று இருக்கும். பக்கத்துப் பெட்டியில் ஓஎல்ஈடி என்று இருக்கும். வித்தியாசம் ஒரே ஓர் எழுத்து. இரண்டும் 65 அங்குலம், இரண்டும் 4கே, இரண்டிலும் அதே செயலிகள். விலை மட்டும் வேறு.

இந்த வருடம் எங்கள் லண்டன் வீட்டுக்கு ஒன்று வாங்க வேண்டியிருந்தது. "உனக்குத்தானே இதெல்லாம் வாசிக்க விளங்கும், பார்த்துச் சொல்லு" என்று அப்பா பொறுப்பை என்னிடம் தந்துவிட்டார். இரண்டு கிழமை வாசித்தேன். விலைப் பட்டியலில் தொடங்கிய வாசிப்பு வரலாற்றில் போய் முடிந்தது. பெயரில் ஒன்றுபோல இருந்தாலும், இந்த இரண்டு திரைகளும் வேறு வேறு இடத்தில், வேறு வேறு காலத்தில் பிறந்தவை. அந்தப் பிறப்பைத் தெரிந்துகொண்டால் பெட்டியில் எழுதியிருப்பதில் பாதி தானாகவே விளங்கும்.

கரட்டில் தொடங்கிய கதை

முதலில் கியூஎல்ஈடியின் குடும்பம். இதன் மூலம் 1888இல் இருக்கிறது. அப்போது பிராக் நகரில் ஃபிரீட்ரிக் ரைனிட்சர் என்ற ஆஸ்திரியத் தாவரவியலாளர் கரட்டிலிருந்து எடுத்த ஒரு பொருளை ஆராய்ந்துகொண்டிருந்தார். அதைச் சூடாக்கினார். 145.5 பாகை செல்சியஸில் அது உருகியது. ஆனால் தண்ணீர்போலத் தெளியாமல் பால்போல மங்கலாக நின்றது. 178.5 பாகையில்தான் தெளிந்தது. ஒரே பொருள் இரண்டு தடவை உருகியதுபோல இருந்தது.

அவர் இதை ஜெர்மனியில் இருந்த ஒட்டோ லேமன் என்ற இயற்பியலாளருக்கு எழுதி அனுப்பினார். லேமன் நுண்ணோக்கியில் பார்த்தார். அந்தப் பொருள் திரவம்போல ஓடியது, ஆனால் படிகம்போல ஒளியைத் திருப்பியது. இதைத்தான் இன்று திரவப் படிகம் என்கிறோம். எல்சிடி என்ற மூன்று எழுத்தில் முதல் இரண்டும் இதைத்தான் சொல்கின்றன.

அதற்குப் பிறகு பல பத்தாண்டுகளுக்கு இதனால் என்ன பயன் என்று யாருக்கும் தெரியவில்லை. 1960களில் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் நகரில், ஆர்சிஏ நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் ஜோர்ஜ் ஹைல்மையர் என்ற இளம் பொறியியலாளர் திரவப் படிகத்துக்கு மின்சாரம் கொடுத்து அதைத் தெளிவாகவும் மங்கலாகவும் மாற்றிக் காட்டினார். 1968 மே மாதம் ஆர்சிஏ நியூயோர்க்கில் பத்திரிகையாளரைக் கூட்டி இதை அறிவித்தது. சுவரில் படம்போல மாட்டக்கூடிய தொலைக்காட்சி என்ற கனவு அப்போதே பேசப்பட்டது.

ஆனால் ஆர்சிஏயின் வருமானம் கண்ணாடிக் குழாய் வைத்த கனமான வண்ணத் தொலைக்காட்சியிலிருந்து வந்தது. புதிய திரைக்காக அது நீண்ட காலம் பொறுத்திருக்கவில்லை. ஹைல்மையர் 1970இல் வெளியேறினார். ஜப்பானின் ஷார்ப் நிறுவனம் அதே நுட்பத்தை எடுத்து, தொலைக்காட்சிக்குப் பதிலாகச் சிறிய கணிப்பான் செய்தது. 1973இல் வந்த அந்த இஎல்-805 ஒரே ஒரு சிறிய பற்றரியில் 100 மணித்தியாலம் வேலை செய்தது. பெரிய கனவை விட்டுச் சின்னப் பொருளில் பழகியவர்கள்தான் பிறகு பெரிய திரைக்கும் வந்தார்கள்.

ஹல், டண்டீ

பிரித்தானியாவில் வளரும் நமக்கு இந்த இடம் முக்கியம். அந்தக் காலத் திரவப் படிகங்கள் சீக்கிரம் கெட்டுப்போயின. சாதாரண அறை வெப்பநிலையில் வேலை செய்து, நீண்ட காலம் உழைக்கும் பொருள் தேவைப்பட்டது. அதை 1970களின் தொடக்கத்தில் ஹல் பல்கலைக்கழகத்தில் ஜோர்ஜ் கிரே என்ற வேதியியலாளரும் அவருடைய குழுவும் செய்து காட்டினார்கள். பிறகு வந்த கைக்கடிகாரத் திரைகளும் கணிப்பான் திரைகளும் அதை நம்பித்தான் ஓடின.

அடுத்த சிக்கல், புள்ளிகளின் எண்ணிக்கை. கணிப்பானில் சில கோடுகளை மாற்றினால் போதும். தொலைக்காட்சியில் ஒவ்வொரு புள்ளியையும் தனித்தனியாக மாற்ற வேண்டும். அதற்கு ஒவ்வொரு புள்ளிக்குப் பின்னாலும் மிகச் சிறிய சுவிட்ச் ஒன்று வேண்டும். அமெரிக்காவின் வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனத்தில் பீட்டர் புரோடி இதை முதலில் செய்து காட்டினார். அந்தச் சுவிட்சை அகலமான கண்ணாடியில் மலிவாகப் படியவைக்கும் வழி ஸ்கொட்லாந்தின் டண்டீ பல்கலைக்கழகத்திலிருந்து வந்தது. வோல்டர் ஸ்பியர், பீட்டர் லெகோம்பர் என்ற இருவரின் குழு 1979இல் அதை வெளியிட்டது. 1988இல் ஷார்ப் 14 அங்குல வண்ணத் திரையைக் காட்டியது. 2007இன் கடைசியில்தான் உலகச் சந்தையில் எல்சிடி தொலைக்காட்சி பழைய குழாய்த் தொலைக்காட்சியை முந்தியது. அறிவிப்பிலிருந்து கணக்கிட்டால் 39 வருடம்.

இப்போது ஒரு விசயத்தைக் கவனியுங்கள். திரவப் படிகம் தானாக ஒளி தராது. பின்னால் ஒரு விளக்கு எரியும். முன்னால் இருக்கும் படிகம் யன்னல் சீலைபோல அந்த ஒளியை விடும், அல்லது மறைக்கும். முன்பு பின்னால் மெல்லிய ஒளிக்குழாய்கள் இருந்தன. நீல எல்ஈடி வந்த பிறகு அவற்றின் இடத்தைச் சிறிய எல்ஈடி விளக்குகள் பிடித்தன. அந்த நீல ஒளிக்காக இசாமு அக்காசாக்கி, ஹிரோஷி அமானோ, ஷுஜி நக்கமுரா மூவருக்கும் 2014இல் நோபல் பரிசு கிடைத்தது. கடையில் எல்ஈடி டிவி என்று விற்றதெல்லாம் உண்மையில் பின்விளக்கு மாறிய எல்சிடிதான்.

2017இல் சாம்சங் கியூஎல்ஈடி என்ற பெயரைக் கொண்டுவந்தது. அதுவும் இதே குடும்பம். பின்விளக்குக்கும் படிகத்துக்கும் நடுவில் குவாண்டம் புள்ளிகள் என்ற நுண்ணிய துகள்கள் கொண்ட ஒரு படலம் இருக்கும். துகளின் அளவைப் பொறுத்து அது தரும் நிறம் மாறும். அதனால் சிவப்பும் பச்சையும் தூய்மையாகத் தெரியும். இந்தத் துகள்களுக்கான ஆராய்ச்சிக்கு 2023இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் பின்விளக்கும் சீலையும் அப்படியேதான் இருக்கின்றன.

தானே எரியும் புள்ளி

ஓஎல்ஈடியின் கதை நியூயோர்க் மாநிலத்தின் ரொச்செஸ்டர் நகரில், கமராவுக்கும் படச்சுருளுக்கும் பெயர்பெற்ற கொடாக் நிறுவனத்தில் தொடங்குகிறது. அங்கே ஹொங்கொங்கில் பிறந்த சிங் டாங் என்ற வேதியியலாளர் சூரிய ஒளியிலிருந்து மின்சாரம் எடுக்கும் கரிமப் பொருள்களை ஆராய்ந்தார். ஒளியைக் கொடுத்து மின்சாரம் எடுக்கலாம் என்றால், மின்சாரத்தைக் கொடுத்து ஒளி எடுக்கலாம்தானே? 1987இல் அவரும் ஸ்டீவன் வான் ஸ்லைக்கும் இரண்டு மெல்லிய கரிமப் படலங்களை ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து, 10 வோல்ட்டுக்கும் குறைந்த மின்சாரத்தில் அவற்றை ஒளிரச் செய்தார்கள். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் குழு ஒன்று பிளாஸ்டிக் வகைப் பொருளையே ஒளிரவைத்து 1990இல் வெளியிட்டது.

இங்கே சீலை இல்லை, பின்விளக்கும் இல்லை. ஒவ்வொரு புள்ளியும் ஒரு விளக்கு. 4கே திரையில் 3840 பெருக்கல் 2160, கிட்டத்தட்ட 83 இலட்சம் புள்ளிகள். கறுப்பு வேண்டும் என்றால் அந்தப் புள்ளி அணைந்துவிடும்.

2007இல் சோனி முதல் ஓஎல்ஈடி தொலைக்காட்சியை விற்றது. 11 அங்குலம்தான், விலை 2,00,000 யென். 2013இல் எல்ஜி கொரியாவில் 55 அங்குலத்தைக் கொண்டுவந்தது. அதற்கு முன்பே, 2009 டிசம்பரில், கொடாக் தன் ஓஎல்ஈடி தொழிலை எல்ஜி குழுமத்துக்கு விற்றிருந்தது. 2012 ஜனவரியில் கொடாக் கடன் தாங்காமல் நீதிமன்றப் பாதுகாப்புக் கேட்டது. ஆர்சிஏயின் கதை இன்னொரு தடவை நடந்தது. கண்டுபிடித்தவருடைய பெயர் பெட்டியில் இல்லை.

பிறவிக் குணம்

இரண்டு வரலாற்றையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் எனக்கு ஒன்று விளங்கியது. ஒவ்வொரு திரைக்கும் பிறக்கும்போதே ஒரு குறை இருந்தது. அந்தக் குறை இன்னும் முழுதாகப் போகவில்லை.

எல்சிடியின் குறை, சீலை முழுதாக மூடாது. பின்விளக்கு எரியும்வரை கொஞ்சம் ஒளி கசியும். அதனால் கறுப்பு சாம்பல் நிறமாகத் தெரியும். இதைக் குறைக்கத்தான் பின்விளக்கைப் பல பகுதிகளாகப் பிரித்து, இருட்டான இடத்தில் மட்டும் அணைக்கிறார்கள். மினி எல்ஈடி என்று பெட்டியில் இருந்தால் அந்தப் பகுதிகள் நிறைய இருக்கும். ஆனாலும் 83 இலட்சம் புள்ளிகளுக்குப் பின்னால் சில நூறு அல்லது சில ஆயிரம் பகுதிகள்தான். கறுப்பு வானத்தில் நிலா வந்தால் அதைச் சுற்றி ஒரு புகைவட்டம் தெரியலாம்.

ஓஎல்ஈடியின் குறை, ஒளி தரும் பொருளே ஒளி தரத் தரத் தேயும். நீலம் கூடுதலாகத் தேயும். ஒரே படம் ஒரே இடத்தில் பல மாதம் நின்றால் அந்த இடத்துப் புள்ளிகள் மற்றவற்றைவிட வேகமாக வயதாகி, ஒரு நிழல் தங்கிவிடலாம். இதைத் தடுக்கப் படத்தை மெல்ல நகர்த்துவது, அசையாத சின்னத்தை மங்கலாக்குவது என்று பல வழி வைத்திருக்கிறார்கள். குறை குறைந்திருக்கிறது, ஆனால் இல்லாமல் போகவில்லை. முழுத் திரையும் வெள்ளையாக இருக்கும்போது அதன் வெளிச்சமும் நல்ல எல்சிடி அளவுக்கு வராது.

கடையில் இந்த இரண்டு குறையும் தெரியாது. கடை விளக்கின் வெளிச்சத்தில் சாம்பலும் கறுப்பாகத்தான் தெரியும். தொலைக்காட்சியும் கடைக்கென்று வைத்த மிகப் பிரகாசமான நிலையில் ஓடும். தேய்மானம் தெரிய வருடங்கள் வேண்டும். அதனால் எது நல்ல படம் என்று அங்கே நின்று கேட்பதைவிட, எந்தக் குறையை எங்கள் வீடு வெளியே காட்டும் என்று கேட்பதே சரி.

எங்கள் வீட்டுக் கணக்கு

எங்கள் வீட்டில் தொலைக்காட்சியை அதிகம் பார்ப்பவர் அம்மம்மா. காலையில் தமிழ்ச் சனல் போட்டால் இரவு சாப்பாடுவரை அதுதான் ஓடும். மூலையில் சனலின் சின்னம், கீழே ஓடும் செய்தி வரி, இரண்டும் நாள் முழுக்க அதே இடத்தில் இருக்கும். எங்கள் அறையின் பெரிய யன்னல் தெற்குப் பக்கம், பகலில் வெயில் நேரே திரையில் விழும். அம்மம்மாவுக்குக் கண்ணில் சத்திரசிகிச்சை நடந்தது. "வெளிச்சம் குறைஞ்சா ஆர் ஆரெண்டு முகம் தெரியுதில்லை" என்பார்.

தம்பி இரவில் விளக்கை அணைத்துவிட்டுப் படம் பார்ப்பவன். அவனுக்கு ஓஎல்ஈடிதான் வேண்டும். அவன் சொன்னதும் நியாயம்தான். கிழமைக்கு இரண்டு படம், நான்கு ஐந்து மணித்தியாலம். அம்மம்மா பார்ப்பது ஒரு நாளைக்குப் பத்து மணித்தியாலத்துக்கு மேல். ஊரில் இருந்தால் முற்றத்தில் நாலு பேரோடு கதைத்திருப்பார். இங்கே வீட்டில் எல்லோரும் வேலைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போன பிறகு, தமிழில் கதைப்பது அந்தத் திரை ஒன்றுதான். மினி எல்ஈடி பின்விளக்குள்ள கியூஎல்ஈடி வாங்கினோம். இரவுப் படம் பார்ப்பவர்கள் மட்டும் இருக்கும் வீடாக இருந்தால் மற்றதைச் சொல்லியிருப்பேன்.

ஸ்மார்ட் என்ற சொல்லுக்கும் ஒரு சின்ன வரலாறு உண்டு. அது இரண்டு குடும்பத்துக்கும் பொது. 2017இல் அமெரிக்க அரசின் வர்த்தக ஆணையம் விஸியோ என்ற நிறுவனத்தின்மேல் நடவடிக்கை எடுத்தது. 1 கோடியே 10 இலட்சம் தொலைக்காட்சிகளில் மக்கள் என்ன பார்க்கிறார்கள் என்பதைச் சரியான அனுமதி இல்லாமல் சேகரித்தது என்பது குற்றச்சாட்டு. நிறுவனம் 22 இலட்சம் டொலர் கட்ட ஒத்துக்கொண்டது. எனவே புதிய தொலைக்காட்சியை முதல் நாள் இயக்கும்போது வரும் கேள்விகளை வாசியுங்கள். பார்ப்பதைக் கவனிக்க அனுமதி கேட்கும் கேள்விக்கு வேண்டாம் என்று சொல்லலாம். பெரியவர்கள் அவசரத்தில் எல்லாவற்றுக்கும் சரி என்று அழுத்திவிடுவார்கள். அந்த நேரத்தில் பக்கத்தில் இருப்பது நம் வேலை.

உங்கள் வீட்டில் இருப்பது எந்தக் குடும்பம் என்று இன்றிரவே பார்க்கலாம். முழுக் கறுப்புப் படம் ஒன்றைத் திரையில் போட்டு, அறை விளக்கை அணைத்து, இரண்டு நிமிடம் கண்ணைப் பழக்குங்கள். மங்கலான சாம்பல் செவ்வகம் தெரிந்தால் அது ரைனிட்சரின் கரட்டில் தொடங்கிய குடும்பம். தொலைக்காட்சி ஓடுகிறதா நிற்கிறதா என்றே சொல்ல முடியாவிட்டால், அது ரொச்செஸ்டரில் பிறந்ததாக இருக்கலாம்; பின்விளக்கை முழுதாக அணைக்கும் எல்சிடியாகவும் இருக்கலாம்.