கண்காணிப்புக் கருவிகளின் கையேடு: பிங் முதல் ஏஐ முகவர் வரை

நெட்வொர்க் கருவிகளுக்குக் கையேடு எழுதும் முறை யூனிக்ஸ் மரபில் வந்தது. அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் எழுதிய யூனிக்ஸ் கையேட்டின் முதல் பதிப்பு 1971 நவம்பரில் வெளியானது. ஒவ்வொரு கட்டளைக்கும் பெயர், இயக்கும் முறை, விளக்கம், தெரிந்த பிழைகள் என்று வரிசையாகத் தலைப்புகள் இருந்தன. கருவியின் குறையை அதன் கையேடே ஒளிக்காமல் சொன்னது அந்த மரபின் பெருமை.

1983 டிசம்பரில் அமெரிக்க ராணுவத்தின் எறிபொருளியல் ஆய்வகத்தில் மைக் மூஸ், ஒரு கணினி பதில் தருகிறதா என்று பார்க்கும் பிங் கருவியை எழுதினார். 1988இல் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் வான் ஜேக்கப்சன், தரவு எந்த ரூட்டர்கள் வழியே போகிறது என்று காட்டும் டிரேஸ்ரூட்டை உருவாக்கினார். இவற்றின் கையேடுகள் சக பொறியாளரை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. அவருக்கு அனுபவத்தில் தெரிந்ததை விரித்துச் சொல்லத் தேவையிருக்கவில்லை. பெரும்பாலான யூனிக்ஸ் வகைக் கணினிகளில் எத்தனை முறை என்று குறிப்பிடாவிட்டால் பிங் நிற்காமல் ஓடிக்கொண்டேயிருக்கும். விண்டோஸில் நான்கு முறையோடு நின்றுவிடும். டிரேஸ்ரூட்டில் மூன்று நட்சத்திரக் குறிகள் வந்தால் அந்த ரூட்டரிடமிருந்து பதில் வரவில்லை என்றுதான் பொருள். பாதை அறுந்துவிட்டதாக ஆகாது. இதையெல்லாம் புதியவர்கள் மூத்தவர் பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொண்டார்கள்.

இயந்திரமே படிக்கவேண்டிய ஆவணம் 1988இல், நெட்வொர்க் கருவிகளைக் கண்காணிப்பதற்கான எஸ்என்எம்பி நெறிமுறையோடு வந்தது. ரூட்டரிடம் எதையெல்லாம் கேட்கலாம் என்பதைப் பட்டியலிடும் எம்ஐபி என்ற கோப்பில் ஒவ்வோர் அளவைக்கும் ஓர் எண், மதிப்பின் வகை, படிக்க மட்டுமா எழுதவும் முடியுமா என்ற குறிப்பு, மனிதருக்கான விளக்கம் ஆகியவை இருக்கும். முன்னவை மென்பொருளுக்கு, விளக்கம் பொறியாளருக்கு. ஒரே ஆவணத்துக்கு இரண்டு வாசகர்கள் என்ற ஏற்பாடு அப்போதே உருவாகிவிட்டது.

அந்த ஏற்பாட்டில் விடுபட்டதை ஓர் அளவையைக் கொண்டே காணலாம். ஒரு போர்ட் வழியே உள்ளே வந்த பைட்டுகளைக் கூட்டிக்கொண்டே போகும் கவுன்டர் 32 பிட் கொண்டது. 4,294,967,295ஐத் தொட்டதும் மீண்டும் சுழியத்திலிருந்து தொடங்கும். முழு வேகத்தில் ஓடும் 100 மெகாபிட் இணைப்பில் இது ஏறக்குறைய ஆறு நிமிடத்தில் நடக்கும். ஒரு கிகாபிட்டில் 34 விநாடிகளில். இங்கிலாந்தின் லெஸ்டரில் டி மாண்ட்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் 64 கிலோபிட் இணைப்பைக் கவனிக்கத் தோபியாஸ் ஓட்டிகர் எழுதி 1995இல் வெளியிட்ட எம்ஆர்டிஜி, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கவுன்டரைப் படித்து வரைபடம் போட்டது. அந்த வேகத்துக்கு அது தாராளமாகப் போதும். அதே கணக்கைக் கிகாபிட் இணைப்பில் போட்டால், நிரம்பி வழியும் இணைப்பு எட்டில் ஒரு பங்குகூட நிரம்பாததுபோல் தெரியும். பிழைச்செய்தி எதுவும் வராது. இதற்காகவே 64 பிட் கவுன்டர்கள் சேர்க்கப்பட்டன. கவுன்டர் சுழலும் என்று எம்ஐபி சொன்னது. எந்த வேகத்துக்கு எந்தக் கவுன்டர், எவ்வளவு இடைவெளி என்று தேர்ந்தெடுத்தது பொறியாளரின் தலை.

1999இல் நெட்செயின்ட் என்ற பெயரில் வெளியாகி 2002இல் பெயர் மாறிய நாகியோஸ் என்ற கண்காணிப்பு மென்பொருள், இரு வாசகர்களையும் ஒரே வரியில் சேர்த்தது. அதன் சோதனை நிரல்கள் நலமென்றால் 0, எச்சரிக்கைக்கு 1, ஆபத்துக்கு 2, தெரியவில்லை என்றால் 3 என்ற எண்ணோடு முடியும். வெளியீட்டில் செங்குத்துக் கோட்டுக்கு முன்னால் மனிதருக்கான வாக்கியம், பின்னால் இயந்திரத்துக்கான அளவுகள்.

மொழி மாதிரிகள் கருவிகளைத் தாமே இயக்கத் தொடங்கியபோது கையேட்டின் வாசகர் மறுபடி மாறினார். ஆந்த்ரோபிக் நிறுவனம் 2024 நவம்பரில் வெளியிட்ட, மொழி மாதிரிகளைக் கருவிகளோடு இணைக்கும் எம்சிபி நெறிமுறையில் ஒவ்வொரு கருவிக்கும் பெயர், விளக்கம், உள்ளீட்டின் வடிவம் ஆகியவை தரப்படுகின்றன. விளக்கத்தைப் படித்துத்தான், கருவிகளை இயக்கும் ஏஐ முகவர் எந்தக் கருவியை எடுப்பது என்று முடிவுசெய்கிறது. எம்ஐபியில் பொறியாளருக்கென்று எழுதிய பகுதியை இங்கே இயந்திரமே படிக்கிறது. ஆகவே மூத்தவர் வாய்மொழியாகச் சொல்லித்தந்தவை எழுத்துக்கு வந்தாக வேண்டும்: பிங்குக்கு எண்ணிக்கை கட்டாயம், நட்சத்திரக் குறியைப் பழுதென்று முடிவுகட்டக் கூடாது, கிகாபிட் போர்ட்டுக்கு 64 பிட் கவுன்டர், வரும் எண் பைட்டா பிட்டா. ரூட்டரின் பெயரிலோ பதிவுக் கோப்பிலோ யாரேனும் கட்டளைபோல் ஒரு வாக்கியத்தை நுழைத்திருக்கலாம் என்பதால், வெளியீடு தரவு மட்டுமே, கட்டளையன்று என்பதையும் சேர்க்க வேண்டியிருக்கிறது.

எழுதும் உரிமைதான் இவற்றில் மிகவும் கவனம் கோருவது. 1988இன் எம்ஐபியிலேயே போர்ட்டின் நிர்வாக நிலை எழுதக்கூடிய அளவையாக இருந்தது. அதில் 2 என்று எழுதினால் போர்ட் மூடிக்கொள்ளும். முகவர் தன் இணைப்பு செல்லும் போர்ட்டையே மூடிவிட்டால், திறந்துவிட அதற்கு வழியிருக்காது. கருவி படிக்க மட்டுமே என்று அறிவிக்க எம்சிபியில் 2025இல் ஒரு குறிப்பு சேர்க்கப்பட்டது. அது அறிவிப்புதான், தடை ஆகாது. தடையை ரூட்டரில்தான் வைக்க வேண்டும். எந்தப் பயனர் எந்த அளவைகளைப் படிக்கலாம், எவற்றில் எழுதலாம் என்று தனித்தனியே வரையறுக்கும் வசதி எஸ்என்எம்பியின் மூன்றாம் பதிப்பில் இருக்கிறது. அந்தப் பதிப்பு 2002இல் முழுத் தரமாக ஏற்கப்பட்டது. கண்காணிக்கும் முகவருக்கு அதில் படிக்கும் உரிமை மட்டும் போதும்.