பாயின்செட் கவுண்டியின் வேளாண் மானியம்

அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில், மிசிசிப்பி ஆற்றுச் சமவெளியில் உள்ள ஊரகப் பகுதி பாயின்செட் கவுண்டி. கவுண்டி என்பது மாநிலத்துக்கு உட்பட்ட ஆட்சிப் பிரிவு. க்ரௌலி மேட்டுத்தொடர் இதை இரண்டாகப் பகுக்கிறது: மேற்கே நெல் வயல்கள், கிழக்கே நெடுங்காலம் பருத்திக் காடு. வேளாண் மானியம் நிலத்துக்குரியவருக்கா, உழுதவருக்கா என்ற கேள்வி உரக்க எழுந்த இடம் இது.

1930களின் தொடக்கத்தில் பருத்தி விலை பவுண்டுக்கு 6 சென்ட் அளவுக்கு விழுந்தது. விளைச்சலைக் குறைத்தால் விலை ஏறும் என்ற கணக்கில் 1933 மே 12 அன்று வேளாண் சீரமைப்புச் சட்டம் வந்தது. அந்தக் கோடையிலேயே நாடெங்கும் சுமார் 1 கோடி ஏக்கர் பருத்தி, செடியாக நிற்கும்போதே உழுது அழிக்கப்பட்டது. அதற்கான ஈட்டுத்தொகையை, விளைபொருளைப் பதப்படுத்தும் ஆலைகள்மீது போட்ட வரியிலிருந்து அரசு கொடுத்தது.

1934–35 ஒப்பந்தத்தில்தான் அநீதி எழுத்திலேயே இருந்தது. விளைவிக்காமல் விட்ட ஒவ்வொரு பவுண்டுக்கும் கிடைத்த நாலரை சென்டில் நிலக்கிழாருக்கு 4 சென்ட், விளைச்சலில் பங்குக்கு உழுத வாரதாரருக்கு அரை சென்ட். குடியானவர்களை ‘முடிந்தவரை’ வெளியேற்றக் கூடாது என்றொரு விதியும் இருந்தது. அதை நடைமுறைப்படுத்த வேண்டிய கவுண்டிக் குழுக்களிலோ நில உடைமையாளர்களின் கையே ஓங்கியிருந்தது. சாகுபடிப் பரப்பு சுருங்கியதும் ஆள் தேவையும் சுருங்கியது. குடும்பங்கள் குடிசையைவிட்டுத் துரத்தப்பட்டன.

1934 ஜூலையில் பாயின்செட்டின் டைரான்சா ஊரருகே 11 வெள்ளையரும் 7 கறுப்பரும் கூடித் தென்பகுதிக் குத்தகை உழவர் சங்கத்தைத் தொடங்கினார்கள். இன ஒதுக்கல் சட்டமாக இருந்த மண்ணில் இரு நிறத்தாரும் ஒரே சங்கத்தில் சேர்ந்த துணிவு பெரிது. கூட்டங்கள் அடித்துக் கலைக்கப்பட்டன. 1935 பிப்ரவரியில், வெளியேற்றக் கூடாது என்ற விதியைக் குடியானவர்களுக்குச் சாதகமாக விளக்கிய அரசு வழக்கறிஞர்கள் வாஷிங்டனில் பதவி இழந்தனர்.

1936 ஜனவரி 6 அன்று உச்ச நீதிமன்றம் ஆலை வரித் திட்டத்தை அரசமைப்புக்கு முரணானது என்று தள்ளியது. சில வாரங்களில் மண்வளப் பாதுகாப்பின் பெயரில் மானியம் திரும்பி வந்தது. வாரதாரரின் பங்கைக் கொடுத்தாக வேண்டும் என்ற கட்டாயம் இறுகியபோது, பல நிலக்கிழார்கள் அவர்களைக் கூலிகளாக மாற்றிக்கொண்டார்கள். கூலிக்குப் பங்கு இல்லையே. மானியப் பணம் டிராக்டரும் வாங்கியது.

கவுண்டிக் குழுக்கள் உழவர்களின் வாக்கால் அமைந்தவை என்றாலும், தென் மாநிலங்களில் கறுப்பின உழவர்கள் பல பத்தாண்டுகள் அவற்றுக்கு வெளியிலேயே வைக்கப்பட்டார்கள். கடனிலும் மானியத்திலும் காட்டப்பட்ட இந்தப் பாகுபாட்டின் மீதான பிக்ஃபோர்டு வழக்கில் 1999-இல் உடன்பாடு ஏற்பட்டது. ஏற்கப்பட்ட மனுதாரர்களில் பெரும்பாலோருக்குத் தலா 50,000 டாலர் கிடைத்தது. அதற்குள் எத்தனையோ குடும்பங்கள் நிலத்தை இழந்துவிட்டன.

இன்று பாயின்செட்டில் நெல்லும் சோயா மொச்சையும் முதன்மைப் பயிர்கள். விளைந்தாலும் விளையாவிட்டாலும் தரப்பட்ட நேரடித் தொகையை 2014 வேளாண் சட்டம் நிறுத்தி, சந்தை விலை குறிப்பு விலைக்குக் கீழே போனால் இழப்பை ஈடுசெய்யும் முறையை வைத்தது. இதுவும் பதிவேட்டிலுள்ள ‘அடிப்படை ஏக்கர்’ கணக்கில்தான். இந்த ஆண்டு நட்ட பயிரைப் பார்ப்பதில்லை. பங்குக் குத்தகையில் மானியம் இருவருக்கும் பிரிகிறது. பணக் குத்தகையில் முழுவதும் சாகுபடியாளருக்கே. ஆனால் மானியத்தை எதிர்பார்த்துக் குத்தகைத் தொகை உயரும்போது, அதில் ஒரு பகுதி மீண்டும் நில உரிமையாளரிடமே போய்ச் சேர்கிறது.