ஆடியின் பிழையும் அளவுகோலின் பிழையும்

வானை மறைக்கும் காற்றுத் திரைக்கு அப்பால் ஒரு தொலைநோக்கியை நிறுவ வேண்டும் என்னும் கருத்தை அமெரிக்க வானியலறிஞர் லைமன் ஸ்பிட்சர் 1946இல் எடுத்துரைத்தார். அக்கனவு 1990 ஏப்ரல் 24ஆம் நாள் ஹபிள் தொலைநோக்கியாக விண்ணேறிற்று. ஆயின் அது அனுப்பிய படங்கள் மங்கியிருந்தன. விண்மீனின் ஒளி ஒரு புள்ளியில் குவியாமல், சுற்றிலும் வட்டமாகச் சிதறியது.

குறை முதன்மை ஆடியில் இருந்தது. 2.4 மீட்டர் விட்டமுடைய அவ்வாடியின் விளிம்பு, இருக்கவேண்டிய அளவினும் ஏறத்தாழ 2.2 மைக்ரான் தட்டையாயிருந்தது. தலைமயிரின் தடிப்பில் ஐம்பதில் ஒரு பங்கே அது.

கனெக்டிகட் மாநிலத்து டான்பரியில், பெர்க்கின்-எல்மர் நிறுவனம் அவ்வாடியை 1981இல் மெருகிட்டு முடித்தது. மெருகில் குறையில்லை, மிக நுட்பமாகத் தவறான வடிவம் பெற்றது ஆடி. சோதனைக் கருவியிலிருந்த சிறு வில்லையின் இடத்தை ஓர் அளவுகோலின் முனையில் பட்டு மீளும் ஒளியால் கணித்தனர். அம்முனையை மூடிய தொப்பியில் ஓரிடத்தில் பூச்சு உதிர்ந்திருந்தது. ஒளி கோலின் முனைக்குச் செல்லாமல் தொப்பியிலேயே பட்டு மீண்டது. அதனால் வில்லை 1.3 மில்லிமீட்டர் இடம் பிசகியது. ஆடி, பிழைபட்ட கருவி கேட்ட வடிவத்தையே உண்மையாகப் பெற்றது.

வேறிரு கருவிகள் இப்பிழையைக் காட்டவே செய்தன. அவை நுட்பம் குறைந்தவை என்று கருதி, அவற்றின் சான்று ஒதுக்கப்பட்டது. நுட்பம் மிக்க கருவியே பிழைபட்டிருக்கக் கூடும் என்று எவரும் ஐயுறவில்லை. மாறுபட்ட பாடத்தையும் அடிக்குறிப்பில் பேணிவைக்கும் சுவடிப் பதிப்பாசிரியரின் பொறுமை அங்கே இல்லாது போயிற்று. லூ ஆலன் தலைமையிலான குழு 1990 நவம்பரில் இவற்றையெல்லாம் அறிக்கையாக வெளியிட்டது.

பழுதுபார்க்க வழிகாட்டியதும் அப்பிழையே. சோதனைக் கருவி கலைக்கப்படாமல் அப்படியே இருந்தமையால் பிழையின் அளவைத் திட்டமாகக் கணிக்க முடிந்தது. ஆடியை மாற்ற இயலாது. ஆகவே அதன் பிழைக்கு நேர்மாறான பிழையைச் சிறு ஆடிகளில் அமைத்தனர். 1993 டிசம்பரில் எண்டெவர் விண்ணோடத்தில் சென்ற எழுவரில் நால்வர், ஐந்து முறை விண்வெளியில் இறங்கிப் பணியாற்றினர். புதிய படக்கருவி திருத்தத்தைத் தன்னுள்ளேயே கொண்டிருந்தது. ஏனைய மூன்று கருவிகளுக்கு காஸ்டார் என்னும் அமைப்பு மூக்குக்கண்ணாடியாயிற்று. அதற்கு இடம் விட, நன்றாயிருந்த ஓர் ஒளியளவி வெளியேற நேர்ந்தது. வானம் தெளிந்தது. பணி முடிந்த காஸ்டார் 2009இல் புவிக்கு மீண்டு, ஸ்மித்சோனியன் அருங்காட்சியகம் சேர்ந்தது.

2021 டிசம்பர் 25இல் ஏவப்பட்ட ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியின் ஆடி 18 துண்டுகளால் ஆயது. அவற்றின் நிலையை விண்ணிலேயே திருத்தலாம். ஏவுமுன் 2017இல் ஹூஸ்டனின் குளிரறையில் ஆடிகளும் கருவிகளும் ஒருங்கே சோதிக்கப்பட்டன. பிழையே நேராது என்று நம்பியவர்களின் வழித்தோன்றல்கள், பிழை நேரும் என்று கொண்டே அமைத்த ஆடி அது.