பட்டியலில் விட்டுப்போன எண்

கணிதமேதை ராமானுஜன் என்றதும் குலதெய்வமான நாமகிரித் தாயார் கனவில் வந்து சூத்திரம் சொன்ன கதைதான் முதலில் வந்து நிற்கும். அந்தக் கதைக்கு ஒத்துவராத சான்று ஒன்று, 1915இல் லண்டன் கணிதச் சங்கத்தின் இதழில் வெளியான அவருடைய நீண்ட கட்டுரையில் இருக்கிறது. தன்னைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் இல்லாத அளவு காரணிகள் கொண்ட எண்ணை அவர் தனி வகையாகப் பிரித்தார்; தமிழில் மிகு பகு எண் எனலாம். 12க்கு ஆறு காரணிகள், அதற்குக் கீழே எதற்கும் நான்குக்கு மேல் கிடையாது; ஆகவே 12 அந்த வகை. இப்படி நூற்றுக்கும் மேற்பட்ட எண்களை அடுக்கி 6746328388800 வரை, அதாவது ஆறே முக்கால் லட்சம் கோடியை நெருங்கும்வரை போனார். இடையில் ஒன்று விட்டுப்போயிற்று: 293318625600.

இந்த எண்ணுக்குள் 2 ஆறு முறையும் 3 நான்கு முறையும் 5, 7 இரண்டிரண்டு முறையும் வருகின்றன. 11, 13, 17, 19 ஒவ்வொன்றும் ஒரு முறை. ஒவ்வொரு அடுக்கோடும் ஒன்றைக் கூட்டிப் பெருக்கினால் 5040 காரணிகள். (ஒரு நகரத்துக்கு இத்தனை குடும்பங்கள் இருந்தால் பல விதமாகப் பங்கு பிரிக்கலாம் என்று பிளேட்டோ தேர்ந்த எண்ணும் இதே 5040தான்; அதுவும் ஒரு மிகு பகு எண்.) பட்டியலில் விட்டுப்போன எண்ணுக்கு முன்னால் நிற்கும் 240940299600க்கு 4800 காரணிகள், பின்னால் நிற்கும் 321253732800க்கு 5376. இடம் ஐயமற்றது. பிறகு ஏன் தவறியது? பகா எண்கள் பெரிதாகும்போது அடுக்குகள் ஏறாது, 4, 36 நீங்கலாக மற்றவற்றில் கடைசிப் பகா எண்ணின் அடுக்கு 1 என்று ராமானுஜன் நிறுவியிருந்தார். ஆனால் அது சல்லடைதான். அடுத்த எண்ணை எடுத்துக் கையில் கொடுக்காது. முன்னும் பின்னும் நிற்பவை இரண்டிலும் 23 உண்டு. 7 ஒரே முறை. நடுவில் நிற்பதில் 23 இல்லை, 7 இருமுறை. பக்கத்துப் பக்கத்து எண்கள் வெவ்வேறு வழியாக வந்து சேர்கின்றன. ஒவ்வொன்றையும் பெருக்கி, ஒப்பிட்டு, வரிசையில் வைப்பவருக்கு நேரும் தவறு இது. கனவில் பட்டியல் கிடைத்தவருக்கு நேராது.

அச்சுக்கோத்தவர் ஒரு வரியைத் தவறவிட்டிருக்கலாமே என்று கேட்கலாம். அப்படியே இருந்தாலும் மற்ற எண்களுக்கான உழைப்பு குறைந்துவிடாது. நிரூபணத்தில் ராமானுஜன் கறாரில்லாதவர் என்ற பழைய குற்றச்சாட்டுக்கு இதைத் துணைக்கு அழைப்பதுதான் பெரிய பிழை. கட்டுரையின் தேற்றங்கள் அந்த ஒரு வரியை நம்பி நிற்கவில்லை. சமனின்மைகளைக் கையாள்வதில் ராமானுஜனுக்கிருந்த அசாதாரண வல்லமைக்குக் கணிதவியலாளர் ஹார்டி காட்டியதே இந்தக் கட்டுரையைத்தான். 1916இல் கேம்பிரிட்ஜ் பட்டமும் இதற்காகவே கிடைத்தது. சங்கத்திடம் பணம் இல்லாததால் அன்று அச்சேறாத மிச்சப் பகுதி 1997இல் கணிதவியலாளர்கள் நிக்கோலா, ரோபன் இருவரின் குறிப்புகளோடு வெளிவந்தது. விட்டுப்போன எண்ணை 23ஆல் பெருக்கினால் வருவது 6746328388800. அவர் பட்டியலின் கடைசி எண்.